கணக்கில் உள்ள பணமும் கைக்கு வரும் பணமும்

ஏலக்காய் எடுப்புக் காலம் வந்துவிட்டால் போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் வழியாகப் போடிமேட்டுக்கு ஏறும் மலைப்பாதை, பொழுது புலருமுன்பே விழித்துக்கொள்கிறது. தேனி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து ஆணும் பெண்ணுமாகத் தொழிலாளர்கள் ஜீப்புகளில் ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்குச் செல்கின்றனர். மாலையில் இறங்கி வருகின்றனர். அவர்கள் எடுத்த காய் உலர்த்தப்பட்டு, தரம் பிரிக்கப்பட்டு, விற்பனைக்கு வருகிறது. இந்திய நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் ஏலக்காய்க்கு மின்னணு ஏலம் நடைபெறும் இடங்களில் போடிநாயக்கனூர் ஒன்று. இடுக்கி மாவட்டத்திலுள்ள புற்றடி மற்றொன்று.

முன்னாளில் காய் விற்ற பணம் மடியில் முடிந்து வரும். இந்நாளில் அது பெரும்பாலும் பாங்கிக் கணக்கில் வந்து சேருகிறது. சர்க்கார் தரும் உதவித் தொகையும் மானியமும் கணக்கில்தான் வருகின்றன. கூலியும் பல இடங்களில் அவ்வாறே வருகிறது. இது நல்ல மாறுதல் என்பதில் ஐயமில்லை. ஆயினும், பாங்கிக்குச் சென்ற குடியானவர் ஒருவரிடம், “உங்கள் கணக்கில் பணம் இருக்கிறது, ஆனால் இம்மாதம் இதற்கு மேல் எடுக்க முடியாது” என்று கூறப்பட்டால் அவர் என்ன நினைப்பார்? தம் பணத்தைப் பாங்கி பிடித்து வைத்துக்கொண்டது என்றே எண்ணுவார். விஷயம் அதுவன்று. சேமிப்புக் கணக்குகளில் பல வகைகள் உண்டு. ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு வரம்பு உண்டு. வரம்பை நீக்கிக்கொள்ள வழியும் பெரும்பாலும் உண்டு. அவ்வழியைத் தேவை வந்து நிற்கும் நாளில் தேடாமல், காய் எடுப்புத் தொடங்கு முன்பே அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரம்பு எதற்காக?

பணம் எடுப்பதற்கும் வேறு கணக்குக்கு மாற்றுவதற்கும் வரம்பு விதிப்பதில் மூன்று காரணங்கள் உள்ளன. கணக்குக்கு உரியவர் இன்னார் என்பது முழுமையாக நிலைநாட்டப்படாதபோது, அக்கணக்கைப் பிறர் தவறான காரியங்களுக்குப் பயன்படுத்தாமல் தடுப்பது முதற் காரணம். குறைந்த செலவில் எல்லாருக்கும் கணக்கு வசதி அளிக்கும்போது, கட்டணமின்றி எத்தனை முறை பணம் எடுக்கலாம் என்று வரையறுப்பது இரண்டாவது. பாங்கிக்கோ நாட்டுக்கோ நெருக்கடி நேரும்போது எல்லாரும் ஒரே சமயத்தில் பணம் எடுக்க முற்படாமல் காப்பது மூன்றாவது. நம் கணக்கில் உள்ள வரம்பு இவற்றுள் எதனால் வந்தது என்று தெரிந்தால், அதற்கு மாற்று என்ன என்பதும் தெரிந்துவிடும்.

சிறு கணக்கு

நமது மலைச்சரிவுகளில் மிகுந்த தொல்லை தருவது ‘சிறு கணக்கு’ எனப்படும் வகை. அடையாளச் சான்று எதுவும் இல்லாத ஏழை மக்களும் பாங்கியின் வாயிலை மிதிக்க வேண்டும் என்னும் நல்ல எண்ணத்துடன், 2010 டிசம்பரில் மத்திய சர்க்கார் இதற்கு விதி செய்தது. பாங்கி அதிகாரியின் முன்னிலையில் புகைப்படம் ஒன்றைத் தந்து, கையொப்பமோ கைரேகையோ இட்டால் போதும், கணக்குத் தொடங்கலாம். சான்று இல்லாமையால் அதற்கு மூன்று வேலிகள் இடப்பட்டன.

1. ஒரு நிதியாண்டில் கணக்கில் வரவாகும் மொத்தத் தொகை ரூ. 1,00,000-க்கு மேற்படலாகாது.
2. ஒரு மாதத்தில் எடுக்கும் பணமும் பிற கணக்குகளுக்கு மாற்றும் பணமும் சேர்ந்து ரூ. 10,000-க்கு மேற்படலாகாது.
3. கணக்கில் எந்த நேரத்திலும் இருப்பு ரூ. 50,000-க்கு மேற்படலாகாது.

இவற்றுள் இரண்டாவதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். ரொக்கமாக எடுப்பது மட்டுமன்று; மகனுடைய கணக்குக்கு அனுப்புவதும், உரக்கடைக்குக் கைபேசி வழியாகச் செலுத்துவதும் அந்தப் பத்தாயிரத்துக்குள்ளேயே அடங்கும்.

மாதம் ரூ. 10,000 என்றால் ஆண்டுக்கு ரூ. 1,20,000 ஆகிறது, ஆண்டு வரவோ ஒரு லட்சம்தான், ஆகவே வந்த பணம் முழுவதையும் ஓராண்டுக்குள் எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். மாதச் சம்பளக்காரருக்கு இக்கணக்குப் பொருந்தும். ஏலமலையில் வரவு அவ்வாறு வருவதில்லை. ஆடி, ஆவணியில் தொடங்கித் தை மாசி வரையில், ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் ஏறக்குறைய ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் இடைவெளி விட்டுக் காய் எடுக்கப்படுகிறது. வரவு அந்த மாதங்களில் குவிகிறது, கோடையில் வறள்கிறது. செலவும் குவிந்தே வருகிறது. இதனால் மாத வரம்பு மலைக் குடியானவரையே மிகுதியாக இறுக்குகிறது.

ஓர் உதாரணம் காண்போம். மலைச்சரிவில் ஓர் ஏக்கருக்கும் குறைவாக ஏலம் வைத்திருக்கும் ஒருவர், ஒரு சுற்றில் 40 கிலோ உலர்காய் விற்பதாகவும், விலை கிலோ ரூ. 2,000 என்பதாகவும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வரவேண்டிய தொகை ரூ. 80,000. அவருடையது சிறு கணக்கானால், இருப்பு வரம்பு ஐம்பதாயிரமாதலால் அத்தொகையை அக்கணக்கு ஏற்கவே இயலாது. இனி, காய் எடுக்கும் தொழிலாளப் பெண் ஒருவர், சீட்டுக் கட்டாமல் சிறுகச் சிறுகச் சேமித்து ரூ. 38,000 வைத்திருக்கிறார் என்று கொள்வோம். மகளைக் கல்லூரியில் சேர்க்க ரூ. 22,000 வேண்டும், பத்து நாளில் கட்ட வேண்டும். கணக்கில் பணம் இருந்தும் அம்மாதம் அவர் கைக்கு வருவது பத்தாயிரமே. மீதிப் பன்னிரண்டாயிரத்துக்கு அவர் வட்டிக்காரரிடம் போக நேருகிறது. சொந்தப் பணத்தைப் பாங்கியில் வைத்துக்கொண்டு பிறர் பணத்துக்கு வட்டி கொடுப்பது எத்துணைக் கொடுமை!

இந்த விதியில் ஒரு சலுகை உண்டு. சர்க்கார் மானியம், நலத்திட்ட உதவி, கொள்முதலுக்கான தொகை ஆகியவை வரும்போது ரூ. 50,000 என்னும் இருப்பு வரம்பு பார்க்கப்படுவதில்லை. ஆனால் தனிப்பட்ட வியாபாரியிடம் விற்ற காய்க்கு வரும் பணத்துக்கும் இது பொருந்தும் என்று எண்ணி இருந்துவிடலாகாது.

சிறு கணக்கு நிரந்தரமானதும் அன்று. முதலில் 12 மாதம் நடைபெறும். அதற்குள் ஏதேனும் ஓர் அடையாளச் சான்றுக்கு விண்ணப்பித்ததைக் காட்டினால் மேலும் 12 மாதம் நீட்டிக்கப்படும். அதற்குள் சான்றைத் தந்து முழுக் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். ஆதார், வாக்காளர் அடையாள அட்டை, வாகன ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், சர்க்கார் அதிகாரி கையொப்பமிட்ட ஊரக வேலை உறுதித் திட்ட வேலை அட்டை ஆகியவை இதற்கு ஏற்கப்படும் சான்றுகள். இவற்றுள் ஒன்றைத் தந்து கணக்கு மாற்றப்பட்டவுடன் மேற்சொன்ன மூன்று வேலிகளும் நீங்கிவிடுகின்றன. பாங்கி மேலாளரின் தயவு இதற்குத் தேவையில்லை. இது விதிப்படி அமைந்த வழி.

சிறிதளவு சான்றுத் தடை இருப்பதற்காகப் பக்கத்து வீட்டார் கணக்கிலோ உறவினர் கணக்கிலோ பணத்தை வரவழைப்பது நம் கிராமங்களில் வழக்கமாக உள்ளது. இது நட்பையும் கெடுக்கும், பணத்தையும் கெடுக்கும். கணக்கு யார் பெயரில் உள்ளதோ அவருக்கே பணம் உரியது என்றே பாங்கி கொள்ளும். மேலும், பிறர் பணம் வந்துபோவதற்காகக் கணக்கை இரவல் தருபவர், அப்பணம் மோசடிப் பணமாக இருந்துவிட்டால் போலீஸ் விசாரணைக்கும் உள்ளாவார். அவருடைய சொந்தப் பணமும் முடக்கப்படும்.

அடிப்படைச் சேமிப்புக் கணக்கு

சிறு கணக்கையும் அடிப்படைச் சேமிப்புக் கணக்கையும் பலர் ஒன்றெனக் கருதுகின்றனர். பின்னது, முழு அடையாளச் சான்றுடன், குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டிய கட்டாயமின்றித் தொடங்கப்படுவது. ரிசர்வ் பாங்கி 2012 ஆகஸ்டில் இதற்கு விதி செய்து, 2019-இல் திருத்தியது. பணம் போடுவதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. மாதத்துக்குக் குறைந்தது நான்கு முறை கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம், ஏ.டி.எம். இயந்திரத்தில் எடுப்பதும் இந்த நான்கில் சேரும். பாஸ் புத்தகத்துக்கும் ஏ.டி.எம். அட்டைக்கும் கட்டணம் இல்லை.

இங்கே தொகைக்கு மாத வரம்பு இல்லை. கட்டணமற்ற எண்ணிக்கைக்குத்தான் வரையறை. ஆகவே வாரந்தோறும் ஐந்நூறு, ஆயிரம் என்று பலமுறை எடுப்பவர், சந்தைக்கு இறங்கும் நாளில் தேவையை எண்ணி ஒருமுறையாக எடுத்தால் கட்டணம் மிஞ்சும். இக்கணக்கு வைத்திருப்பவர் அதே பாங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ளலாகாது என்பதும் நினைவிலிருக்க வேண்டும்.

2014 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ஜன தன திட்டத்தின் கீழ் திறந்த கணக்குகளில் சில முழுச் சான்றுடன் திறந்தவை. சில சிறு கணக்குகளாகத் திறந்தவை. ‘என்னுடையது ஜன தனக் கணக்கு’ என்று சொல்வதால் மட்டும் வரம்பு எதுவென்று தெரியாது. அது எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சாதாரணச் சேமிப்புக் கணக்கு உடையவர்களுக்குச் சொந்தப் பாங்கியின் ஏ.டி.எம். இயந்திரத்தில் மாதம் ஐந்து முறையும், பெருநகரல்லாத ஊர்களில் பிற பாங்கிகளின் இயந்திரத்தில் ஐந்து முறையும் கட்டணம் இல்லை. அதற்கு மேல், 2025 மே முதல், ஒரு முறைக்கு ரூ. 23 வரையில் கட்டணம் பெறலாம். பாங்கி ஏஜெண்டிடம் ஆதார் கைரேகை வைத்து எடுப்பதில் ஒரு தடவைக்கு ரூ. 10,000 வரம்பு உண்டு. கைபேசி வழியாக யு.பி.ஐ. முறையில் அனுப்புவதற்குச் சாதாரணமாக நாள் ஒன்றுக்கு ரூ. 1,00,000 வரம்பு. இவை யாவும் வழிக்கு உரிய வரம்புகளே. கணக்குக்கு உரியவை அல்ல. ஒரு வழியில் வரம்பு முடிந்தால் கிளைக்கு நேரில் சென்று மற்றொரு வழியில் எடுக்கலாம்.

தபாலாபீஸ் சேமிப்பு

பாங்கிக் கிளை இல்லாத மலையூர்களுக்கு இந்நாட்டில் முதலில் வந்த சேமிப்பு நிலையம் தபாலாபீஸே. 1882-இல் தொடங்கிய இச்சேமிப்புப் பாங்கி இன்றும் சிறு குடியானவர்களின் துணையாக விளங்குகிறது. இதில் ரூ. 500 எப்பொழுதும் இருப்பில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கும்படி பணம் எடுக்க இயலாது. ஒரு தடவை எடுக்கும் தொகை ரூ. 50-க்குக் குறையலாகாது.

இதிலே மறைமுகமான ஒரு வரம்பும் உண்டு. மாதத்தின் பத்தாம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரையில் கணக்கில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்கே அம்மாத வட்டி கணக்கிடப்படுகிறது. இருபதாம் தேதியில் காய் விற்ற பணத்தைப் போட்டால் அம்மாதத்துக்கு அதற்கு வட்டி இல்லை. இருபத்தெட்டாம் தேதியில் எடுத்தால், அதுவரை இருந்த நாள்களுக்கும் வட்டி போய்விடுகிறது. ஆகையால் போடுவதைப் பத்தாம் தேதிக்குள்ளும், எடுப்பதைக் கூடுமானால் அடுத்த மாதத் தொடக்கத்திலும் வைத்துக்கொள்வது சிக்கனமான முறை. பாங்கிகளிலோ 2010 ஏப்ரல் முதல் அன்றாட இருப்புக்கு வட்டி கணக்கிடப்படுவதால் இந்தக் கவலை இல்லை.

உறங்கும் கணக்கு

கணக்கைத் தொடங்கிவிட்டு மறந்துவிடுவதும் ஒருவகையில் பணத்தை அடைத்து வைப்பதே. பாங்கிக் கணக்கில் இரண்டு ஆண்டுகள் உரியவர் எந்த வரவு செலவும் செய்யாவிட்டால் அது செயலற்ற கணக்காகிறது. தபாலாபீஸில் இதற்குத் தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள். செயலற்ற கணக்கை மறுபடியும் எழுப்ப அடையாளச் சான்றுடன் விண்ணப்பிக்க வேண்டும். 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் பாங்கி விதிகளின்படி, இதற்குப் பாங்கி கட்டணம் வாங்கலாகாது. குறைந்த இருப்புக்காக அபராதமும் விதிக்கலாகாது. வட்டியும் தொடர்ந்து வரவு வைக்கப்பட வேண்டும். பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த பணம் ரிசர்வ் பாங்கியின் தனி நிதிக்குச் செல்கிறது. அங்கே சென்ற பிறகும் உரியவரோ வாரிசோ தம் பாங்கியின் மூலம் கேட்டுப் பெறலாம், அது அழிந்துபோவதில்லை. கணக்குடையவர் காலமான பிறகு குடும்பம் அலையாதிருக்க, நியமனதாரர் பெயரைப் பதிவு செய்து வைப்பது இன்றியமையாதது.

அடையாள விவரங்களைக் காலந்தோறும் புதுப்பிப்பதும் இத்துடன் சேர்ந்ததே. இதனைப் பாங்கிகளில் கே.ஒய்.சி. என்பர். சாதாரண நிலையிலுள்ளவர்கள் பத்தாண்டுக்கு ஒருமுறை இதனைச் செய்ய வேண்டும். 2014, 2015-இல் திறந்த கணக்குகளுக்கு அந்தப் பத்தாண்டு முடிந்ததால், 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரை நாடெங்கும் பஞ்சாயத்து அளவில் இதற்கென முகாம்கள் நடத்தப்பட்டன. அவற்றில் விடுபட்டவர்கள் கிளையிலேயே செய்துகொள்ளலாம். விலாசம் மாறவில்லை, விவரம் மாறவில்லை என்றால் அவ்வாறு எழுதிக் கொடுப்பதே போதுமானது.

நெருக்கடிக் காலத்து வரம்புகள்

இதுவரை கூறியவை அன்றாட விதிகள். அரிதாக வரும் நெருக்கடிக் கால வரம்புகள் வேறு வகையைச் சேர்ந்தவை. 2016 நவம்பர் 8-ஆம் நாள் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டது ஏலக்காய் எடுப்புக் காலத்தின் நடுவில். சேமிப்புக் கணக்கிலிருந்து வாரத்துக்கு முதலில் ரூ. 20,000, பின்னர் ரூ. 24,000 என்று வரம்பிடப்பட்டது. குடியானவர்களுக்கு வாரம் ரூ. 25,000 வரை எடுக்கத் தனிச் சலுகை தரப்பட்டது. ஆனால் அடையாள விவரம் முழுமையான கணக்குகளுக்கே அது கிட்டியது. அம்மாத இறுதியில் ஜன தனக் கணக்குகளுக்கும் மாதம் ரூ. 10,000 என்று வரம்பு வந்தது. 2017 மார்ச் 13-இல்தான் சேமிப்புக் கணக்குகளுக்கான வரம்புகள் முற்றும் நீங்கின. சான்று முழுமையாக வைத்திருந்தவருக்கும் வைத்திராதவருக்கும் உள்ள வேற்றுமை அந்நாளில் நன்கு புலனாயிற்று.

பாங்கியே தளரும்போது வரும் வரம்பு மற்றொன்று. 1926-இல் கரூரில் தோன்றிய லட்சுமி விலாஸ் பாங்கி நலிவுற்றபோது, 2020 நவம்பர் 17 முதல் ஒருவர் எடுக்கும் தொகை ரூ. 25,000 என வரையறுக்கப்பட்டது. மருத்துவம், உயர்கல்வி, திருமணம் போன்ற தேவைகளுக்கு மட்டும் விலக்கு இருந்தது. பத்தே நாளில், நவம்பர் 27-இல், அது வேறொரு பாங்கியுடன் இணைக்கப்பட்டு, வரம்பும் நீங்கியது.

ஏலமலைக்கு மேற்கே, பாலாவில் இருந்த பாலாய் சென்ட்ரல் பாங்கிக்கு 1960 ஆகஸ்டில் நேர்ந்த கதி இவ்வாறு எளிதாக முடியவில்லை. உயர்நீதிமன்ற ஆணையால் அது மூடப்பட்டது. பணம் போட்டவர்கள் பெரிதும் தவித்தனர். அந்தத் துயரத்தின் பயனாக 1961-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1962 ஜனவரி முதல் வைப்புத் தொகைக் காப்புறுதி நடைமுறைக்கு வந்தது. அப்போது ஒருவருக்கு ரூ. 1,500 வரையில் இருந்த காப்பு, 2020 பிப்ரவரி முதல் ஒரு பாங்கியில் ஒருவருக்கு ரூ. 5,00,000 வரையில் உள்ளது. பாங்கிகளுக்கும் கூட்டுறவு பாங்கிகளுக்கும் இக்காப்பு உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் போட்ட பணத்துக்கு இது இல்லை. பெருந்தொகை வைப்பவர்கள் இதனை மனத்திற் கொள்ள வேண்டும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

விதிகளை மாற்றும் அதிகாரம் பஞ்சாயத்துக்கு இல்லை. ஆயினும், விதியினால் மக்கள் இடர்ப்படாமல் காக்கும் வாய்ப்பு அதற்கு நிரம்ப உண்டு.

முதலாவது, சிறு கணக்கு உடையவர் எவரெவர் என்று வார்டுதோறும் அங்கத்தினர்கள் விசாரித்தறியலாம். மலைச்சரிவிலுள்ள பளியர் குடியிருப்புகளிலும், தோட்டங்களில் தங்கி வேலை செய்யும் குடும்பங்களிலும் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். சான்று இல்லாதவர்களுக்கு ஆதாரோ வாக்காளர் அட்டையோ கிடைக்க உதவினால், கணக்கின் கதவு தானே திறக்கும்.

இரண்டாவது, காய் எடுப்புத் தொடங்குவதற்கு முன், ஆனி மாதத்திலேயே பாங்கிக் கிளையாருடன் பேசி ஊரில் ஒரு நாள் முகாம் வைக்க ஏற்பாடு செய்யலாம். எடுப்புக் காலத்தில் காலையில் மலையேறி மாலையில் இறங்குபவர், பாங்கி திறந்திருக்கும் வேளையில் ஒருநாளும் ஊரில் இரார். ஒரு நாள் பாங்கிக்குச் செல்வதென்றால் ஒரு நாள் கூலி போகும்.

மூன்றாவது, கிராம சபைக் கூட்டங்களில் நான்கு கேள்விகளை எல்லாரும் அறியச் செய்யலாம்: என் கணக்கு எந்த வகை? மாதத்தில் எவ்வளவு, எத்தனை முறை எடுக்கலாம்? அடையாள விவரம் எந்த ஆண்டு புதுப்பிக்கப்பட வேண்டும்? நியமனதாரர் பெயர் பதிவாகியுள்ளதா? இந்நான்குக்கும் விடை கேட்டுப் பாஸ் புத்தகத்தின் முதற் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. எழுதத் தெரியாதவருக்குப் பள்ளியில் படிக்கும் பிள்ளை எழுதித் தரலாம்.

விதிப்படி நடந்தும் பாங்கி பணம் தர மறுத்தால், அல்லது சான்று தந்தும் கணக்கை மாற்றாவிட்டால், வாய்ச் சண்டையில் பயனில்லை. எழுத்து மூலம் புகார் தந்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்க வேண்டும். முப்பது நாளில் தக்க பதில் வராவிட்டால் ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமின்றி விண்ணப்பிக்கலாம். மலையின் மேற்புறம் கேரளத்திலுள்ள கிளையானாலும், கீழ்ப்புறம் போடியிலுள்ள கிளையானாலும் ரிசர்வ் பாங்கியின் விதி ஒன்றே.

ஏலச்செடிக்கு நிழல் வேண்டும். ஆனால் நிழல் மிகுந்தால் காய்ப்புக் குன்றும். அதனால் மழைக்கு முன்பே குடியானவர் மரக்கிளைகளைக் கழித்துவிடுகிறார். பாங்கிக் கணக்கின் வரம்பும் அத்தகையதே. காப்புக்காக வைத்த நிழல் நம் வாழ்வை மறைக்காதபடி, பருவத்துக்கு முன்பே கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொள்வோமாக. உழைத்துச் சேர்த்த பணம் உரிய நாளில் உரியவர் கைக்கு வருமானால்தான் சேமிப்பு என்னும் சொல்லுக்குப் பொருள் உண்டு.